வேறு கடை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி

கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பத்திலிருந்து வந்து கோவையில் சமூகவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இரண்டு பகுதிகள் உண்டு. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் மீதான பாகுபாடு பெரிய தொடர் கடைகளில் அதிகமா, சிறிய உள்ளூர்க் கடைகளில் அதிகமா என்பது முதல் பகுதி. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்று சூப்பர் மார்க்கெட்டுகள் மலையேறி வந்துவிட்ட நிலையில், பழங்குடியினருக்கும் தலித்துகளுக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் எந்தக் கடையில் மரியாதை கிடைக்கும் என்பது இரண்டாவது பகுதி. தெரிந்த முகம் இருக்கும் மளிகைக் கடையில்தான் மனிதத்தன்மை இருக்கும் என்ற எண்ணம் அவருடைய கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்த எண்ணத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை.

கடையின் அளவு பாகுபாட்டின் வடிவத்தைத்தான் தீர்மானிக்கிறது. அது எவ்வளவு கடுமையாக ஒருவர் மீது விழும் என்பதைத் தீர்மானிப்பது, அவருக்குப் போக வேறு கடை இருக்கிறதா என்பதே. அமெரிக்க வரலாறும் நம் மலை அனுபவமும் இந்த இடத்தில் ஒத்துப் போகின்றன.

அமெரிக்கத் தென் மாநிலங்களில், அடிமை முறை ஒழிந்த பிறகான பல பத்தாண்டுகளுக்கு, கிராமத்துப் பல்பொருள் கடைக்காரர்தான் கறுப்பின விவசாயிக்கு விதையும் மாவும் துணியும் கடனாகக் கொடுப்பவர். விளையப் போகும் பருத்தியை அடமானமாக எழுதி வாங்கிக்கொள்பவரும் அவரே. கடனுக்குத் தனி விலை, ரொக்கத்துக்குத் தனி விலை என்று இருந்தது. கணக்குப் புத்தகம் கடைக்காரர் கையில் இருந்தது. கடையில் வெள்ளையர் அனைவருக்கும் கொடுத்து முடித்த பிறகே கறுப்பினத்தவரின் முறை வரும். எந்தத் தரத்துப் பொருளை வாங்கலாம் என்பதைக்கூடக் கடைக்காரரே முடிவு செய்வார். அந்தக் கடைக்காரருக்குத் தம் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் பெயரும் குடும்பமும் தெரியும். அந்த அறிமுகம் ஆளைக் கட்டிப்போடவே பயன்பட்டது.

இந்தக் கட்டைத் தளர்த்தியவற்றுள் ஒன்று, சிகாகோவிலிருந்து அஞ்சல் வழியாக வியாபாரம் செய்த சியர்ஸ் என்ற மிகப் பெரிய நிறுவனத்தின் விலைப்பட்டியல் புத்தகம். 1890களில் அந்தப் புத்தகம் நாடெங்கும் பரவியது; 1896இல் கிராமப்புற வீடுகளுக்கே தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. அச்சிட்ட விலையைப் பார்த்து, கடிதம் எழுதி, பணம் அனுப்பினால் பொருள் வந்து சேரும். எழுதியவரின் தோல் நிறம் சிகாகோவில் இருப்பவருக்குத் தெரியாது. சில ஊர்களில் உள்ளூர் வியாபாரிகள் அந்தப் புத்தகங்களைத் திரட்டி எரிக்கவும் தூண்டினார்கள். வியாபாரப் போட்டி அதற்கு ஒரு காரணம். தாங்கள் வைத்திருந்த பிடி நழுவுகிறது என்ற கோபம் இன்னொன்று. இதை வைத்து அந்த நிறுவனத்தை இன சமத்துவத்தின் காவலராகக் கொண்டாட வேண்டியதில்லை. ஆளைப் பார்க்காமல் விற்க அதனால் முடிந்தது, விற்றது.

ஆளைப் பார்த்து விற்க வேண்டிய இடத்தில் பெரிய நிறுவனங்களும் உள்ளூர் வழக்கத்துக்கு அடங்கியே நடந்தன. வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் இருந்த உல்வொர்த் கடை, நாடு முழுவதும் கிளைகள் கொண்ட நிறுவனம். பற்பசையும் நோட்டுப் புத்தகமும் கறுப்பினத்தவருக்கு விற்கும். அதே கடையின் சிற்றுண்டி மேடையில் அவர்கள் உட்கார்ந்து காபி குடிக்க அனுமதிக்காது. 1960 பிப்ரவரி 1ஆம் தேதி நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் அந்த மேடையில் போய் உட்கார்ந்தார்கள். உள்ளூர் வழக்கத்தைப் பின்பற்றுவதே தங்கள் கொள்கை என்று நிறுவனம் பதில் சொன்னது. போராட்டம் பல நகரங்களுக்குப் பரவி, அந்தக் கடையின் நட்டம் ஏறத்தாழ 2 லட்சம் டாலரை எட்டிய பிறகு, ஜூலை 25ஆம் தேதி மேடை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. முதலில் உட்கார வைத்துப் பரிமாறப்பட்டவர்கள் அந்தக் கடையிலேயே வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள்.

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஓர் இடைவெளி உண்டு. பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்யும் அதன் இரண்டாம் பகுதி தங்கும் விடுதி, உணவகம், திரையரங்கு, பெட்ரோல் நிலையம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சாதாரணச் சில்லறைக் கடையைக் குறிப்பிடவில்லை. எனவே துணிக்கடையில் அவமதிக்கப்பட்டவர், ஒப்பந்தம் செய்யும் உரிமையில் இன வேறுபாடு கூடாது என்று சொல்லும் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தையோ தம் மாநிலச் சட்டத்தையோ நாட வேண்டியிருக்கிறது. நாங்கள் சிறிய குடும்ப வியாபாரம், எங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று வாதிட்ட பர்மிங்ஹாம் நகரத்து உணவகம் ஒன்றின் வழக்கை, அதே 1964 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சிறிய அளவைக் கேடயமாகப் பிடிக்கும் அந்த வாதம் நம் ஊரிலும் பழக்கமானதுதான்.

இன்றைய நிலவரத்தில் பெரிய கடையின் பாகுபாடு பெரும்பாலும் சந்தேகத்தின் வடிவில் வருகிறது. பொருள் வாங்க வந்த கறுப்பினத்தவரைக் காவலாளி பின்தொடர்வதும், திருடியதாக நினைத்து நிறுத்தி வைப்பதும் அங்கே நெடுநாள் புகார்கள். 2014இல் நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞரின் விசாரணைக்குப் பிறகு மேசிஸ் நிறுவனம் 6.5 லட்சம் டாலரும், பார்னிஸ் நிறுவனம் 5.25 லட்சம் டாலரும் செலுத்த ஒப்புக்கொண்டன. 2018 ஏப்ரலில் பிலடெல்பியாவின் ஸ்டார்பக்ஸ் காபிக் கடை ஒன்றில், ஒரு தொழில் சந்திப்புக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைக் கடைப் பொறுப்பாளர் அழைத்த போலீஸ் கைது செய்தது. அடுத்த மாதம் அந்த நிறுவனம் 8,000க்கும் மேற்பட்ட கடைகளை ஒரு பிற்பகல் மூடி ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தது. முகமறியும் கேமராவைப் பயன்படுத்திய ரைட் எய்ட் மருந்துக் கடைத் தொடருக்கு, 2023 டிசம்பரில் மத்திய வணிக ஆணையம் 5 ஆண்டுகள் அந்தத் தொழில்நுட்பத்தைத் தடை செய்தது. கறுப்பினத்தவரும் ஆசிய வம்சாவளியினரும் மிகுதியாக வாழும் பகுதிகளில் அந்தக் கருவி அப்பாவிகளைத் திருடர்களாக அதிகம் அடையாளம் காட்டியது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. ஒரு காவலாளியின் தப்பெண்ணம் ஒரு வாசலோடு நிற்கும். கருவியின் பிழை எல்லாக் கிளைகளிலும் ஒரே நேரத்தில் நடக்கும்.

கடையே திறக்காமல் விடுவது பெரிய நிறுவனங்களுக்கே உரிய இன்னொரு வகை. 2016இல் அமேசானின் ஒரே நாள் விநியோகம் பாஸ்டன் நகரம் முழுவதும் கிடைத்தபோது, கறுப்பினத்தவர் மிகுதியாக வாழும் ராக்ஸ்பரி பகுதிக்கு மட்டும் கிடைக்கவில்லை என்பது செய்தியாக வெளிவந்தது. அதன் பிறகே அங்கும் விநியோகம் நீட்டிக்கப்பட்டது. இனத்தைப் பார்த்து முடிவெடுத்ததாக அந்தச் செய்தியும் சொல்லவில்லை. எங்கே வாடிக்கையாளர் அதிகம், கிடங்கிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்குகள் பழைய குடியிருப்புப் பிரிவினையின் மேல் போய்ப் படிந்துவிட்டன.

சிறிய கடை இதற்கெல்லாம் மாற்று என்று நினைப்பவர்கள் 1991 மார்ச் 16ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததைப் படிக்க வேண்டும். 1.79 டாலர் விலையுள்ள ஆரஞ்சுச் சாறுப் புட்டியைத் திருடுகிறாள் என்று நினைத்த மளிகைக் கடைக்காரப் பெண்மணிக்கும் லடாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமிக்கும் கைகலப்பு ஏற்பட்டது. திரும்பிப் போன சிறுமியை அவர் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார். சிறுமியின் கையில் காசு இருந்தது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் உறுதியான பிறகும் கடைக்காரருக்குச் சிறைத் தண்டனை கிடைக்கவில்லை. கொரியாவிலிருந்து குடியேறிய அந்தக் கடைக்காரரும் வெள்ளையர் அல்லர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய கடைகள் வராத பகுதியில் கடை வைத்தவரும், வேறு கடை இல்லாமல் அங்கேயே வாங்கியவர்களும் ஒருவரையொருவர் அஞ்சியே வாழ்ந்தார்கள்.

விலையைப் பற்றி ஓர் ஆய்வையும் சொல்கிறேன். சிகாகோவில் கார் விற்பனை நிலையங்களுக்கு ஒரே மாதிரிப் பேசப் பயிற்சி பெற்ற வெள்ளை, கறுப்பின ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே அனுப்பி, இயன் ஏயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இருவர் செய்த ஆய்வு 1995இல் வெளியானது. அதே காருக்குக் கறுப்பின ஆண்களிடம், வெள்ளை ஆண்களிடம் சொன்னதைவிட ஏறத்தாழ 1,100 டாலர் அதிகமாகவே சொல்லப்பட்டது. பேரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆளைப் பார்த்து விலை சொல்ல இடம் இருக்கிறது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

இனி நம் மலைக்கு வருவோம். பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி போன்ற இடங்களில் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவில் இருப்பது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ மளிகைக் கடைகள். மாதம் முழுவதும் பற்று எழுதி, சம்பளம் வந்ததும் தீர்ப்பது என்பதே அங்கே வியாபாரத்தின் அடித்தளம். பற்று நோட்டு ஒரு குடும்பத்தைப் பட்டினியிலிருந்து காப்பாற்றும் என்பதை மறுப்பவர் மலையில் வாழ்ந்திருக்க மாட்டார். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது எந்த சூப்பர் மார்க்கெட்டும் கடன் தராது. ஆனால் யாருக்குப் பற்று, எவ்வளவு வரை, எந்தக் குரலில் என்பதையெல்லாம் கல்லாவில் இருப்பவரே முடிவு செய்கிறார். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே தோட்ட வேலையில் சேர்ந்தவர்கள் தமிழர்களே என்றாலும், ஊர் தெரியாத, ஜாமீன் சொல்ல ஆள் இல்லாத அவர்களுக்கு இந்த நோட்டில் ஒரு பக்கம் கிடைப்பது எளிதாக இருந்திருக்க முடியாது. இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் அதே இடத்தில் நிற்கின்றன, மொழியும் இல்லாமல்.

பணியர், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர் ஆகியோர் நீலகிரியிலும், பளியர், புலையர் ஆகியோர் பழனி மலையிலும் கடை வாசலில் சந்திப்பது வெளிப்படையான மறுப்பை அல்ல. பின்னால் வந்தவருக்கு முதலில் பொட்டலம் கட்டுவது, ஒருமையில் அழைப்பது, மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகையில் போடுவது, வயதில் மூத்தவரையும் பேர் சொல்லி அதட்டுவது ஆகியவையே அன்றாடம். உறையிட்ட பொருளில் அதிகபட்ச விலை அச்சாகியிருப்பதால் சோப்பிலும் பிஸ்கட்டிலும் ஏமாற்றுவது கடினம். அரிசி, பருப்பு, வெல்லம், காய்கறி, கருவாடு என்று உதிரியாக விற்பவற்றில்தான் எந்த மூட்டையிலிருந்து அள்ளுவது, தராசு எந்தப் பக்கம் சாய்வது என்ற கேள்விகள் எழுகின்றன. நல்ல கடைக்காரர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரசவத்துக்கு நள்ளிரவில் ஜீப் பிடித்துக் கொடுத்த மளிகைக் கடைக்காரர்களையும் இந்த மலையில் பார்த்திருக்கிறேன். அந்த நன்மையும் ஒரு தனி மனிதரின் விருப்பத்தில் தொங்குகிறது என்பதே சிக்கல்.

2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைப்பது இந்த உறவை ஓரளவு மாற்றியிருக்கிறது என்பது என் கணிப்பு. அரிசிக்காகக் கடைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றால், மற்றவற்றுக்குப் பேசும் குரலில் கொஞ்சம் நிமிர்வு வரும்.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும் பழங்குடிப் பெண் தானே கூடையை எடுத்து, தானே பொருளைத் தொட்டுப் பார்த்து, விலையைப் படித்து, வரிசையில் தன் முறைக்குப் பணம் கட்டுகிறார். வரிசை என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். காலமெல்லாம் கடைசியில் நிறுத்தப்பட்டவருக்கு அது சிறிய விஷயம் அல்ல. வேலைவாய்ப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. சமவெளியிலிருந்து வந்து கடை வைத்தவர்கள் பலர் சொந்த ஊரிலிருந்தே பையன்களை வரவழைத்து வேலைக்கு வைப்பார்கள். தொடர் கடைகள் உள்ளூர்ப் பெண்களை பில் போடும் மேசையில் உட்கார வைக்கின்றன. உள்ளூர்ப் பெண்கள் என்றால் யார், அவர்களில் எத்தனை பேர் பணியர், எத்தனை பேர் பளியர் என்பதை உள்ளே போய்ப் பார்த்தே சொல்ல வேண்டும். 1930களில் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் கறுப்பினத்தவர், வேலை தராத கடையில் வாங்காதீர்கள் என்ற முழக்கத்தோடு கடை வாசல்களில் நின்றது இதே கேள்விக்காகத்தான்.

வாசலில் நிற்கும் காவலாளி மறுபக்கம். எல்லோருடைய பையையும் வாங்கி டோக்கன் கொடுத்தால் அது விதி. செருப்பில்லாத காலையும் அழுக்குப் போர்வையையும் பார்த்துச் சிலருடைய பையை மட்டும் சோதித்தால் அது பாகுபாடு. நமக்குப் பக்கத்து மைசூருவில் 2020 மார்ச் இறுதியில், ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில், நாகாலாந்து மாணவர்கள் இருவரை ஒரு தொடர் சூப்பர் மார்க்கெட்டில் உள்ளே விடவில்லை. வெளிநாட்டினர் என்று சொல்லித் தடுத்த ஊழியர்களிடம் அவர்கள் ஆதார் அட்டையைக் காட்டியும் பயனில்லை. காணொளி பரவியது, போலீஸ் வழக்குப் பதிந்தது. டெல்லியில் 2014 ஜனவரியில் அருணாச்சல மாணவர் நிடோ டானியாவின் மரணத்தில் முடிந்த தகராறோ, கடைத்தெருவில் அவருடைய தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கியது. ஒன்று தொடர் கடை, மற்றொன்று சாதாரணக் கடைத்தெரு. முகத்தைப் பார்த்து அந்நியர் என்று முடிவு கட்டுவதில் இரண்டும் ஒன்றே.

சட்டத்தைப் பொறுத்தவரை நம் அரசமைப்பு, இந்த ஒரு விஷயத்தில், அமெரிக்கச் சட்டத்தைவிடத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. பிரிவு 15(2) கடைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக்கி எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. கடை என்பதை மிக விரிந்த பொருளிலேயே பயன்படுத்துவதாக அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை காரணமாகப் பொருள் விற்க மறுப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டிக்கப்பட்டவரின் உரிமத்தை ரத்து செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில் தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், இனி உங்களுக்கு விற்க முடியாது என்று பெட்டிக்கடைக்காரர் சொன்ன காணொளி நினைவிருக்கும். கடைக்கு சீல் வைக்கப்பட்டது, அவர் கைதானார். ஊர்க் கட்டுப்பாடு என்று அவர் சொன்னதும், உள்ளூர் வழக்கம் என்று 1960இல் உல்வொர்த் சொன்னதும் ஒரே சாக்குதான். ஆயினும் அந்த வழக்கு ஒரு காணொளியால் வெளிவந்தது. காணொளி இல்லாத பெட்டிக்கடைகளைச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. பெரிய கடையில் கேமரா, பணி அட்டவணை, பில்லில் அச்சாகும் நேரம் என்று புகாருக்குத் துணை நிற்கும் ஆதாரங்கள் உண்டு. நற்பெயருக்கு அஞ்சும் தலைமை அலுவலகமும் உண்டு. ஆகவே, ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால், மரியாதைக்கு நான் அச்சிட்ட விலையுள்ள பெரிய கடையையே தேர்ந்தெடுப்பேன், பக்கத்திலேயே பற்றுத் தரும் சிறிய கடையும் பிழைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒன்று மற்றொன்றை அழித்துவிட்டால் மீண்டும் ஒரே கடைதான் மிஞ்சும்.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. பிரிவு 15 குடிமக்களுக்கு உரியது. ஊட்டியில் கம்பளி ஆடை விற்கும் திபெத்தியர்களில் இந்தியக் குடியுரிமை பெறாதவர்களுக்கு அது பொருந்தாது. அவர்கள் சந்திக்கும் கேலியும் பெரும்பாலும் கடைக்காரரிடமிருந்து அல்ல, பேரம் பேச வரும் சுற்றுலாப் பயணிகளிடமிருந்து வருகிறது. நிடோ டானியாவின் மரணத்துக்குப் பிறகு அமைந்த பெஸ்பருவா குழு, இனத்தைச் சொல்லி அவமதிப்பதைத் தனிக் குற்றமாக்கப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை.

கேள்வி கேட்ட மாணவிக்கு ஒரு யோசனை: இதை ஆய்வாகவே செய்ய விரும்பினால், சிகாகோ ஆய்வின் முறையை நம் மலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். ஒரே வயதுள்ள இருவர், ஒருவர் பணியர் அல்லது காட்டுநாயக்கர், மற்றவர் வேறு சமூகத்தவர், ஒரே பட்டியலோடு ஒரே கடைக்குச் சிறிது இடைவெளி விட்டுப் போகட்டும். இருவரின் முழுச் சம்மதத்தோடும், அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்தும் செய்யுங்கள். பட்டியலில் உதிரிப் பொருள்கள் கட்டாயம் இருக்க வேண்டும். காத்திருந்த நேரம், அழைத்த விதம், எடை, அரிசியின் தரம், பை சோதிக்கப்பட்டதா என்பவற்றை வெளியே வந்ததும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சம்பளம் போட்ட வாரத்தில் ஒரு முறையும், பற்று நோட்டு நிறைந்திருக்கும் மாதக் கடைசியில் ஒரு முறையும் செய்தால், பணம் கையில் இருப்பது எவ்வளவு மாற்றுகிறது, ஆள் யார் என்பது எவ்வளவு மாற்றுகிறது என்பதைப் பிரித்தறிய முடியும். ஒரே கடை உள்ள தோட்டம் ஒன்றையும், பல கடைகள் உள்ள கூடலூர் டவுனையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தவறாதீர்கள். ஒருவேளை ஆய்வின்போதே யாரையாவது சாதி சொல்லித் திட்டினாலோ தடுத்து வைத்தாலோ, குறிப்பேட்டை மூடிவிட்டு, வன்கொடுமைப் புகாருக்கான 14566 என்ற எண்ணையும் உள்ளூர்க் காவல் நிலையத்தையும் அழையுங்கள். பில்லைக் கிழிக்காமல் பத்திரப்படுத்துங்கள், அதில் தேதியும் நேரமும் இருக்கும்.